சிரட்டையும் ஈர்க்கிலும்: குமரி மாவட்டத் தொடக்கப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

முதல் நாள் ஹெச்.எம். உங்கள் கையில் வகுப்புச் சாவியையும் ஆசிரியர் கையேட்டையும் தருவார். கையேட்டைப் புரட்டினால் கற்றல் விளைவு, அரும்பு, மொட்டு, மலர், வளரறி மதிப்பீடு என்று வரிசையாகச் சொற்கள் இருக்கும். பயிற்சிக் காலத்தில் இவற்றையெல்லாம் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். ஆனால் பாயில் இருபது பிள்ளைகள் உட்கார்ந்து உங்களையே பார்க்கும்போது எங்கிருந்து தொடங்குவது என்று கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது.

இந்த மாவட்டத்தில் மலையடிவாரத்திலும் கடற்கரையிலுமாகத் தொடக்க வகுப்புகளிலேயே என் வேலைக்காலம் போயிருக்கிறது. அதை வைத்துப் புதியவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு என்ன செய்ய வருகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். கற்பிக்கும் பொருளைத் தேடுவதெல்லாம் அதற்கு அப்புறம். இந்த வரிசை மாறிப்போனால் அலமாரி நிறையும், பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கும்.

திறன் என்று எதைச் சொல்கிறோம்

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பாடத்தை எடுத்தால் கடகடவென்று ஒப்பிப்பான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, வாய் மேல்வரியில் இருக்கிறது, விரல் கீழ்வரியில் இருக்கிறது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன மக்களே?" என்று கேட்டேன். அவன் பாடத்தை முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லைப் பிடித்தான். நல்ல நினைவாற்றல் உள்ள பிள்ளை. வாசிப்பு மட்டும் இன்னும் வரவில்லை. அதுவரை அவன் வாங்கிய மதிப்பெண்ணில் அது தெரியவே இல்லை.

அதுவரை பார்த்திராத ஒரு எளிய வரியைத் தானாக வாசித்து, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தன் பேச்சில் சொல்ல வேண்டும். அதுதான் வாசிப்புத் திறன். கணக்கிலும் அப்படித்தான். கரும்பலகையில் நீங்கள் போட்ட கூட்டலைப் பார்த்து எழுதுவது போதாது; கடையில் மீதிச் சில்லறை சரியா என்று பார்க்கத் தெரிய வேண்டும். இப்படி வகுப்புவாரியாகப் பிள்ளைக்கு என்னென்ன செய்ய வர வேண்டும் என்ற பட்டியலை, கற்றல் விளைவுகள் என்ற பெயரில், தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி. 2017இல் வெளியிட்டது. நம் மாநிலத்தில் 2022 ஜூனில், அடிப்படை வாசிப்பும் கணக்கும் எல்லாப் பிள்ளைக்கும் வர வேண்டும் என்ற எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. பிள்ளையின் திறனைக் கீழிருந்து மேலாகக் குறிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளும் அதில் வந்தவைதான்.

முதல் இரண்டு வாரம்: ஒரு நோட்டு, ஒரு பென்சில்

அடிப்படை மதிப்பீட்டுக்கென்று வினாக்கள் வரும், அதைச் செய்துவிடுங்கள். அதோடு நிறுத்தாமல், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். மற்றவர்கள் வரைந்துகொண்டிருக்கட்டும். பிள்ளையை மேசைக்கு அழைக்காதீர்கள். நீங்கள் பாயில் போய் உட்காருங்கள்.

என்ன கேட்பது? ஒரு படத்தைக் காட்டிப் பேசச் சொல்லுங்கள். அவன் பெயரை எழுதச் சொல்லி, அந்தப் பெயரிலுள்ள ஒரு எழுத்தில் தொடங்கும் வேறு சொல் கேளுங்கள். கை நிறையப் புளியங்கொட்டை கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும், "மொத்தம் எத்தனை?" என்று திரும்பக் கேளுங்கள். சில பிள்ளைகள் மறுபடியும் ஒன்று, இரண்டு என்று ஆரம்பிப்பார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கூட்டல் சொல்லித் தந்து பிரயோசனம் இல்லை.

நோட்டில் 'நன்று', 'சுமார்' என்று எழுதாதீர்கள். "இருபது வரை எண்ணுகிறாள். மொத்தம் சொல்லத் தெரியவில்லை. ழகரம் வாயில் வருகிறது, எழுத்தில் ளகரம் போடுகிறாள்." இந்த அளவு போதும். ஒரு மாதம் கழித்து அதே பக்கத்தைத் திறக்கும்போது இந்த மூன்று வரி உங்களுக்குச் செய்யும் உதவி பெரியது.

அப்புறம் அலமாரியைத் திறங்கள்

கொஞ்சம் பழைய பள்ளி என்றால் அலமாரி உங்களுக்கு ஒரு வரலாற்றையே காட்டும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்த, பிள்ளை அட்டைகளை வைத்துத் தானே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றலின் அட்டைகள் அடித்தட்டில் கிடக்கும். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சின்னம் இருக்கும். அந்தச் சின்னத்தைப் பார்த்துப் பிள்ளை ஏணிப்படி என்ற கற்றல் வரிசையில் தன் அடுத்த அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். சுவரில் தரையோடு ஒட்டிய சின்னக் கரும்பலகைகளும், மேலே பிள்ளைகளின் வேலைகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலும்கூட அந்தக் காலத்தவைதான். திட்டம் மாறியதும் பலர் அட்டைகளை மூட்டை கட்டிவிட்டார்கள். எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

அந்த மூட்டையை அவிழ்த்து, தூசி தட்டி, வெயிலில் காயப் போடுங்கள். ஏணிப்படி வரிசையை முழுதாகப் பின்பற்ற வேண்டியதில்லை. எழுத்து அட்டை, சொல் அட்டை, எண் அட்டை, பட அட்டை என்று திறன்வாரியாகப் பிரித்துத் தனித்தனி டப்பாவில் போடுங்கள். டப்பா மேல் பிள்ளைக்கு என்ன வர வேண்டும் என்று எழுதி ஒட்டுங்கள். "இரண்டெழுத்துச் சொல் வாசிக்க", "பத்து பத்தாக எண்ண" என்ற மாதிரி. உங்கள் நோட்டும் இந்த டப்பாக்களும் ஒரே மொழியில் பேச ஆரம்பித்தால், திங்கட்கிழமை காலையில் யாருக்கு எதை எடுத்துக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்காது.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னப் புத்தகங்கள் உங்கள் பள்ளிக்கு வந்திருந்தால் அவற்றைப் பூட்டி வைக்காதீர்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக எழுதப்பட்டவை அவை. கிழியட்டும். கிழிந்த புத்தகத்தைப் பிள்ளையோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளலாம்.

முற்றத்தில் கிடைப்பது

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து தெர்மாகோலில் இடமதிப்பு மாதிரி ஒன்று செய்தேன். அழகாக இருந்தது. உடைந்துவிடும் என்று பிள்ளைகளைத் தொட விடவில்லை. ஆண்டு முடியும்போது மாதிரி பத்திரமாக இருந்தது, இடமதிப்பு பாதிப் பேருக்கு வரவில்லை. பிள்ளை கையில் போகாத பொருள் வகுப்பறையில் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று.

அதன் பிறகு நான் எடுத்தது ஈர்க்கிலும் சிரட்டையும்; ஓலையின் நடுநரம்புக் குச்சியும் தேங்காய் ஓடும். இரண்டுமே தென்னை இருக்கும் நம் ஊரில் காசில்லாமல் கிடைப்பவை. ஈர்க்கிலைச் சாண் நீளத்துக்கு ஒடித்து, முனையைத் தரையில் தேய்த்து மழுக்கி, பத்துப் பத்தாகக் கட்டுங்கள். கட்டும் வேலையைப் பிள்ளைகளே செய்யட்டும், அதிலேயே பாதிப் பாடம் நடந்துவிடும். பத்துக் கட்டை மீண்டும் சேர்த்துக் கட்டினால் நூறு. மூன்று சிரட்டைகளில் சாக்பீஸால் நூறு, பத்து, ஒன்று என்று எழுதுங்கள். நூறு பெரிய கட்டாக இருப்பதால் அந்தச் சிரட்டைமேல் வைத்தால் போதும்.

முந்நூற்று நான்கை எழுதச் சொன்னால் பல பிள்ளைகள் 3004 என்று எழுதுவார்கள். காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறார்கள்: முந்நூறு, அப்புறம் நான்கு. திட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. சிரட்டைகளை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு முறை ஒரு பெண் குழந்தை மூன்று பெரிய கட்டை வைத்தாள், ஒன்றில் நான்கு ஈர்க்கிலைப் போட்டாள். நடுச் சிரட்டையை எடுத்து உள்ளே பார்த்தாள், கவிழ்த்தும் பார்த்தாள். "இதுல ஒண்ணும் இல்ல டீச்சர்." "ஒண்ணும் இல்லைன்னா என்ன எழுதுவோம்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சிரட்டைக்குக் கீழே தரையில் ஒரு பூஜ்யம் போட்டாள். 304. அப்புறம் பக்கத்தில் இருந்தவனுக்கு அவளே சொல்லிக் கொடுத்தாள்.

எண்ணுவதற்கு மலையோரத்தில் ரப்பர் கொட்டை, கடற்கரையில் சிப்பி, எங்கும் புளியங்கொட்டை. ரப்பர் கொட்டையை வாயில் போட விடாதீர்கள், நச்சுள்ளது. குன்றிமணி இன்னும் ஆபத்து, சின்னப் பிள்ளைகள் வகுப்பில் அதை வைக்கவே வேண்டாம்.

தோவாளைப் பக்கம் பூக்கட்டும் வீட்டுப் பிள்ளைக்கு முழக்கணக்கு கைவந்த கலை. பூவை எடையில் வாங்கி, கட்டியதை முழத்தில் விற்பதை அது தினமும் பார்க்கிறது. அளவை பாடத்தை அங்கிருந்து தொடங்கி, முழம் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று கேட்டு, மீட்டருக்குப் போங்கள். முட்டம், குளச்சல் பக்கம் மீன் ஏலத்தில் நின்று பழகிய பையன் பத்துப் பத்தாக, நூறு நூறாக மனக்கணக்கில் பறப்பான். அதே பையன் நோட்டில் கடன் வாங்கிக் கழிக்கும்போது தடுமாறுவான். அவனுக்குக் கழித்தல் தெரியும், எழுதும் முறைதான் வரவில்லை. நோட்டில் இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

சக்கையும் பலாவும்

இது குமரிக்கு வரும் வெளிமாவட்ட ஆசிரியர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம். பலாப்பழப் படத்தைக் காட்டி முதல் எழுத்தைக் கேட்பீர்கள். பிள்ளை "ச" என்று சொல்லும். இங்கே அது சக்கை. மரவள்ளிக்கிழங்கைக் காட்டினால் மரச்சீனி. மேற்குப் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்று சொல்லும் வீடுகள் உண்டு. பிள்ளை பொருளையும் சரியாகச் சொன்னது, ஒலியையும் சரியாகப் பிரித்தது. சோதிக்க நினைத்த திறன் அதனிடம் முழுதாக இருக்கிறது. அதற்குத் தவறு போட்டால் அடுத்த நாளிலிருந்து அது வாயைத் திறக்காது.

"நம்ம வீட்டுல சக்கை, புத்தகத்துல பலா. ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லி, இரண்டு சொல்லையும் சுவரில் எழுதி வையுங்கள். ஒரு சார்ட்டில் வீட்டுச் சொல், நூல் சொல் என்று இரண்டு பத்தி போட்டால், பிள்ளைகளே தினமும் ஒன்று கொண்டுவருவார்கள். விளவங்கோடு பக்கம் மலையாளம் கலந்து பேசும் வீடுகள், பேச்சிப்பாறை மேல் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள், வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்கள் என்று ஒரே வகுப்பில் மூன்று வீட்டுமொழி இருக்கலாம். எழுத்துத் திறனை அளப்பதற்கு முன் அந்தப் பிள்ளைக்கு உங்கள் கேள்வி புரிந்ததா என்று பாருங்கள்.

ஒரு அறை, மூன்று நிலை

கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியர் இருவர். அதாவது ஐந்து வகுப்புக்கு நீங்களும் இன்னொருவரும். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிலைவாரியாகக் கற்பிப்பது இப்படிப்பட்ட அறைக்கு ஒத்துவரும்.

காலையில் எல்லோரும் சேர்ந்து பாட்டு, கதை. அப்புறம் மூன்று வட்டம். ஒரு வட்டத்தோடு நீங்கள், ஒரு வட்டம் அட்டைகளோடு, ஒரு வட்டம் பயிற்சி நூலோடு. இருபது நிமிடத்தில் நீங்கள் இடம் மாறுங்கள். தொடக்கத்தில் உங்கள் நேரத்தில் பாதி அரும்பு வட்டத்துக்குப் போகட்டும், மலர் பிள்ளைகள் அதற்காகக் கெட்டுப்போக மாட்டார்கள்.

ஒரு வேண்டுகோள். "ஏ அரும்பு, இங்க வா" என்று எந்தப் பிள்ளையையும் கூப்பிடாதீர்கள். நிலையின் பெயர் உங்கள் நோட்டுக்குள் இருக்கட்டும். தமிழில் அரும்பாக இருப்பவள் கணக்கில் மலராக இருப்பாள். வட்டங்களை மாதம் ஒருமுறையாவது கலைத்துப் போடுங்கள்.

பதிவு, செயலி

எண்ணும் எழுத்தும் திட்டத்தின் கைபேசிச் செயலியில் மதிப்பீடு செய்வதும் பதிவதும் உங்கள் கடமை, அதைத் தட்ட முடியாது. கோதையாறு, பேச்சிப்பாறை மாதிரி இடங்களில் சிக்னல் தேடி மரத்தடிக்குப் போக வேண்டியிருக்கும். பதிவு வேலையைப் பாட நேரத்துக்குள் கொண்டுவராமல் ஒரு நாளையும் நேரத்தையும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். செயலி காட்டும் நிலையும் உங்கள் நோட்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பிள்ளையோடு இன்னொரு ஐந்து நிமிடம் உட்காருங்கள். காய்ச்சலோடு வந்த நாளில் பதில் சொல்லியிருக்கும். உள்ளதை உள்ளபடி பதியுங்கள். எல்லாப் பிள்ளைகளையும் மலராகக் காட்டிய வகுப்புக்கு உதவி வராது.

மூத்த ஆசிரியர்களோடு

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். புதியவர்கள் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள்.

நீங்கள் டப்பா ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து, "இதெல்லாம் எத்தனை பாத்தாச்சு டீச்சர், இதுவும் போகும்" என்பார். அவரைச் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். பணியில் மூத்தவராக இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1990களில் குறைந்தபட்சக் கற்றல் அளவுகள். 2007-08இல் செயல்வழிக் கற்றல், அதற்காக மேசை நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும், அதற்குப் பதிவேடு பதிவேடாக எழுதினார். 2020இல் பள்ளிகளே மூடின. 2022இல் எண்ணும் எழுத்தும். ஒவ்வொரு முறையும் முன்பு செய்ததை யாரும் கேட்காமல் புதிதாகத் தொடங்கச் சொன்னார்கள். அவருடைய சலிப்புக்குள் உழைப்பு இருக்கிறது.

நான் கவனித்தவரை, திறன் வழிக் கல்வியை வேண்டாம் என்று சொல்லும் ஆசிரியர் மிகவும் குறைவு. பொருள் தாமதமாக வருவது, பாட நேரத்தில் வேறு வேலை வருவது, பயிற்சியில் சொன்னது தன் அறைக்குப் பொருந்தாதது, இவைதான் அவர்களைக் கசக்க வைக்கின்றன. அந்தக் கசப்பு பயிற்சி வகுப்பால் மட்டும் மாறி நான் பார்த்ததில்லை. தன் வகுப்பில், தான் கைவிட்ட ஒரு பிள்ளை வாசிப்பதைப் பார்த்தால் மாறுகிறது.

அதனால் வாதாட வேண்டாம். "அக்கா, செயல்வழி அட்டை வந்தப்போ கழித்தலை எப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க?" என்று கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் முகம் மாறும். ஒரு மூத்த ஆசிரியை இப்படிக் கேட்டதற்கு மறுநாள் தன் வீட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே அவர் கையால் வெட்டிய எழுத்து அட்டைகள், கால் போட்டது தனியாக, கொம்பு போட்டது தனியாக, நூல் கட்டி வைத்திருந்தார். பல வருடமாக யாரும் கேட்கவில்லையாம். அந்த டின் அப்புறம் என் வகுப்பில்தான் இருந்தது. அவரும் அடிக்கடி வந்து பாயில் உட்கார்ந்தார்.

வட்டார வள மையப் பயிற்சிக்கோ தேரூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கோ போகும்போது உங்கள் நோட்டை எடுத்துப் போங்கள். "பின்தங்கிய பிள்ளைக்கு என்ன செய்வது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "இருபது வரை எண்ணுகிறாள், மொத்தம் சொல்ல வரவில்லை, மூன்று வாரமாகிறது" என்று ஆசிரியப் பயிற்றுநரிடம் கேளுங்கள். அவரும் நின்று யோசிப்பார். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கட்டாயம் ஏதாவது சொல்வார்.

பெற்றோர் கேட்பது

"வீட்டுப்பாடம் ஒண்ணும் இல்லியே, விளையாட்டுதான் நடக்குதா?" என்று கேட்பார்கள். பக்கத்தில் தனியார் பள்ளி வேன் வந்து போகும் ஊரில் இந்தக் கேள்வி இயல்பு. பள்ளி மேலாண்மைக் குழு கூடும் நாளில் பிள்ளைகளை விட்டே சிரட்டைக் கணக்கைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ரேஷன் கார்டில் உள்ள பெயர்களைப் பிள்ளை வாசித்துக் காட்டட்டும். பாட்டாவோ ஆச்சியோ கூட்டத்துக்கு வந்தால் ஒரு கதை சொல்லக் கேளுங்கள். அடுத்த வாரம் அதையே நான்கு வரியாக எழுதி வாசிப்புப் பாடமாக்கலாம்.

மழைக்கும் ஏப்ரலுக்கும்

நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபர் நவம்பரிலும் மழை. அட்டைகள் பூஞ்சை பிடித்துவிடும். எழுதிய அட்டையின் இரு பக்கமும் அகல செல்லோடேப் ஒட்டுங்கள். டப்பாவைத் தரையில் வைக்காதீர்கள், மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி நல்லது. ஈர்க்கில் கட்டுகளை வாரம் ஒருமுறை வெயிலில் போடுங்கள், பிள்ளைகள் எடுத்து வைக்கும்போது எண்ணி வைக்கட்டும்.

ஏப்ரலில் நாற்பது பக்க நோட்டு நிறைந்திருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரி எழுதுங்கள்: எது வருகிறது, எது வரவில்லை, எந்த டப்பா அதற்குப் பிடித்தது. நோட்டையும் சீட்டுகளையும் அலமாரியின் மேல்தட்டில், சாவி திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு அந்த வகுப்புக்கு வரும் ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.